புறாமலைக்கு அரைநாள் கடல் பயணம்: நீந்தத் தெரியாதவரையும் அழைத்துப் போகலாமா?

கொங்குமகள் (கோயம்புத்தூர்):

அனைவருக்கும் வணக்கம். மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு இலங்கைக்குப் போகிறோம். திருகோணமலையில் மூன்று இரவுகள் தங்குகிறோம். கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் முடிவாகிவிட்டன. மீதமுள்ள ஒரு காலைப் பொழுதுக்கு, நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போய், பவளப்பாறைகளுக்கு மேல் மிதந்து மீன்களைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று விடுதியில் சொல்கிறார்கள். கேட்டதிலிருந்து பிள்ளைகள் வேறு பேச்சே பேசுவதில்லை.

நான் கிணற்றில் நீச்சல் பழகியவள். கடலில் இறங்கி நீந்தியதில்லை. மகளுக்குப் பதினொரு வயது, நீச்சல் குளத்தில் நன்றாக நீந்துவாள். மகனுக்கு ஏழு வயது, அரைகுறையாகத்தான் தெரியும். கணவருக்கு நீச்சல் தெரியாது. "நான் கரையில் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் போங்கள்" என்கிறார். அவரை விட்டுவிட்டுப் பார்க்க எனக்கு மனமில்லை. மாமியாரும் வருகிறார், அவருக்கு இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்டு.

அங்கே சுறாக்கள் இருக்கின்றன என்பது உண்மையா? நீந்தத் தெரியாதவர் இறங்கலாமா? பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன கேட்டுக்கொள்ள வேண்டும்? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மணல்மேடு (கொழும்பு):

நாங்கள் போன ஆண்டு ஆகஸ்டில் போனோம். இடம் அருமை. ஆனால் எங்களுக்கு வாய்த்த ஏற்பாடு சரியில்லை. வழிகாட்டியோடு பயணம் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். படகுக்காரர் தீவில் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். எந்தப் பக்கம் இறங்குவது, எங்கே ஆழம், எங்கே நீரோட்டம் என்று சொல்ல ஒருவர் இல்லை. நீருக்குள் பார்ப்பதற்கென்று கொடுத்த முகக்கண்ணாடிகளில் பாதி ஒழுகின. எங்களோடு வந்த ஒருவர் களைத்துப்போய்ப் பாறைமேல் கால் ஊன்றினார். பாதம் கிழிந்து, ஊருக்குத் திரும்பும் வரை நொண்டிக்கொண்டே இருந்தார். கூட வருபவர் யார் என்று முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலாவெளிக்காரன்:

தங்கை, உங்கள் கணவரைக் கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவரும் பார்க்கட்டும். நீந்தத் தெரியாதவர்களை அந்தப் பவளங்களுக்கு மேல் மிதக்கவிட்டுக் காட்டியிருக்கிறேன் என்பதால்தான் சொல்கிறேன். அதற்கு ஒரே நிபந்தனை, தண்ணீருக்குள் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

என் ஊர் நிலாவெளி. அப்பா கரைவலைத் தொழில் செய்தவர். அந்தத் தீவை நாங்கள் புறாமலை என்போம். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், படகில் கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாடப்புறாக்கள் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால் வந்த பெயர். 1963இல் சரணாலயமாக்கினார்கள், 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆகவே படகுக் கூலி வேறு, வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வேறு. வெளிநாட்டவருக்கான கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு கூடுதல். விடுதியில் சொல்லும் தொகையில் நுழைவுச்சீட்டு அடங்குமா என்று கேளுங்கள். கடற்கரையில் நின்றுகொண்டு வாக்குவாதப்படும் பல குடும்பங்களுக்கு இதுதான் காரணம்.

அடுத்து, நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி. "வழிகாட்டி உண்டா" என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். "வழிகாட்டி எங்களோடு தண்ணீரில் இறங்குவாரா, எத்தனை பேருக்கு ஒருவர்" என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உங்கள் கணவருக்கும் மகனுக்கும், மற்றவர் உங்களுக்கும் மகளுக்கும். கணவரோடு இறங்குபவரிடம் மிதவை வளையம் ஒன்று இருக்க வேண்டும், கயிறு கட்டியது. கணவர் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு, வளையத்தை இரு கைகளாலும் பிடித்தபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தால் போதும். வழிகாட்டி முன்னால் நீந்தி இழுத்துப் போவார். கணவர் கால் அடிக்கவே வேண்டியதில்லை.

இதை நான் வற்புறுத்துவதற்கு உங்கள் பாதுகாப்போடு வேறொரு காரணமும் உண்டு. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவர் களைத்தால் என்ன செய்வார்? கீழே கல் தெரிகிறதே என்று கால் ஊன்றுவார். அது கல் அல்ல, உயிருள்ள முருகை, அதாவது பவளம். மான்கொம்பு போல் கிளைத்திருக்கும் வகை ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் வரை வளரக்கூடும். உருண்டு திரண்ட வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே பெரிது. நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த கிளைகள் இன்று பல இடங்களில் வெறும் சிதைந்த துண்டுகளாகக் கிடக்கின்றன. கடல் சூடேறியதும் அதற்குக் காரணம், மனிதக் கால்களும் காரணம். 1998இல் கடல் சூடேறித் தென், மேற்குக் கரைகளின் பவளங்கள் வெளிறி மடிந்தபோது, எங்கள் பக்கம் பெருமளவு தப்பியது. அப்படித் தப்பியதை ஒரு விடுமுறைக் காலைப் பொழுதில் மிதித்து உடைப்பதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. வளையத்தைப் பிடித்திருப்பவருக்குக் கால் ஊன்றும் தேவை வராது. அவருடைய பாதமும் தப்பும், முருகையும் தப்பும்.

நேரம்: பூங்கா திறக்கும்போதே முதல் படகில் போங்கள். காலையில் கடல் தட்டையாக இருக்கும், கூட்டமும் இருக்காது, தண்ணீர் தெளிவாக இருக்கும். வெயில் ஏறும்போது காற்றும் ஏறும். மே முடியும் தறுவாயிலிருந்து எங்களுக்குக் கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. வெளியூர்க்காரர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். கரையோரத்தில் அலையே இல்லாமல் குளம் போலத் தெரியும், ஆனால் மிதப்பவரை அது மெல்ல மெல்ல வெளிக்கடல் பக்கம் தள்ளும். காற்று மெத்தை, பந்து இவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கடலில் விடவே விடாதீர்கள். அன்று காலையில் படகுக்காரர் "இன்று வேண்டாம்" என்று சொன்னால் கெஞ்சாமல் திரும்பிவிடுங்கள். முடிந்தால் மூன்று நாள்களில் முதல் நாளே இந்தப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். காற்று ஒத்துவராவிட்டால் மறுநாள் இருக்கும்.

சுறா பற்றிக் கேட்டீர்கள். இருக்கின்றன, அவற்றைப் பார்க்கத்தான் பலர் வருகிறார்கள். துடுப்பின் நுனி கறுப்பாக இருக்கும் சிறிய வகை. வளர்ந்தது ஒன்றரை மீற்றர் அளவில் இருக்கும், ஆழம் குறைந்த இடத்தில் குட்டிகளும் திரியும். கூச்சமுள்ள பிராணி, நீங்கள் கை காலை அடித்தால் ஓடிவிடும். அசையாமல் மிதந்தால் தானாக வந்து சுற்றிப் போகும். துரத்தக் கூடாது, தீனி போடக் கூடாது. தீனி காட்டிச் சுறாவைக் கூப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள்.

நான் கவனமாக இருப்பது சுறாவிடம் அல்ல, பெரிய கிளாத்தி மீனிடம். மணலில் குழி பறித்து முட்டையிட்டிருக்கும் காலத்தில் அது யாரையும் விடாது, பல்லும் பலமானது. கூட்டுக்கு மேலே நீர்மட்டம் வரை விரிந்துகொண்டே போகும் இடம் முழுவதும் தன்னுடையது என்று அது காவல் காக்கும். ஆகவே அது முறைத்துக்கொண்டு வந்தால் மேலே எழும்பக் கூடாது. பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். கூட வருபவருக்கு இது தெரிந்திருக்கும்.

பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். காது நீருக்குள் இருக்கும்படி சற்று நேரம் அசையாமல் மிதந்தால் கறுமுறுவென்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன்கள் பாறையைக் கொறிக்கும் சத்தம் அது. கொறித்த கல்லை அரைத்து வெண்மணலாக வெளியே விடும். அந்தத் தீவின் மணலில் கிளிமீன் வயிற்றின் வழியாக வந்ததும் கலந்திருக்கிறது. உங்கள் மகன் இதைக் கேட்டதும் மீனின் வாலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

கொங்குமகள்:

அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். வளையத்தைப் பிடித்துக்கொண்டு என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்! இன்னும் சில சந்தேகங்கள். மகள் கண்ணாடி அணிபவள். நானும் மாமியாரும் என்ன உடை உடுத்துவது? மாமியாரைத் தீவுவரை அழைத்து வரலாமா?

நிலாவெளிக்காரன்:

மகளுக்கு: பார்வைக்கேற்ற வில்லை பொருத்திய முகக்கண்ணாடி கிடைக்கிறது. இலங்கையில் வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், ஊரிலேயே வாங்கிவிடுங்கள். மற்றவர்களுக்கும் சொந்தமாக ஆளுக்கொன்று வாங்குவது நல்லது. கடையில் சோதிக்கும் முறை எளிது. பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. கணவருக்கு மீசை அடர்த்தியாக இருந்தால் மேலுதட்டு ஓரமாகத் தண்ணீர் கசியும். கொஞ்சம் வாஸ்லின் தடவினால் குறையும். பெண்களுக்கு நெற்றி முடி உள்ளே மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகம் நீருக்குள் இருக்கும்போது மூச்சு விட உதவும் மூச்சுக்குழாயை முதன்முதலாகத் தீவில் வாயில் வைக்கக் கூடாது. முந்தைய மாலையில் விடுதி நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பழகட்டும். வாயால் மட்டும் மூச்சு விடுவது முதலில் யாருக்கும் பதற்றமாகத்தான் இருக்கும். குழாய்க்குள் தண்ணீர் வந்தால் பலமாக ஓர் ஊது, வெளியே போய்விடும். கணவர் இதை நிலத்தில் கால் ஊன்றியபடி பழகிவிட்டால் கடலில் பாதிப் பயம் போய்விடும்.

உடை: சேலையும் துப்பட்டாவும் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காலில் சுற்றும், முருகையில் மாட்டும். உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் போதும். எங்கள் பெண்கள் அப்படித்தான் இறங்குகிறார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. வெயில் முதுகைச் சுடும் என்பது மிதக்கும்போது தெரியாது, இரவில்தான் தெரியும். அதற்கும் முழுக்கைச் சட்டையே மருந்து. உடம்பு முழுக்கப் பூசும் கிரீம்களில் சில வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கெடுதி என்று பலாவு நாட்டில் 2020 முதல் தடை போட்டிருக்கிறார்கள். துணியால் மூடினால் கிரீமின் தேவையே குறையும். காலுக்கு ரப்பர் அடிப் பாதணி வேண்டும். தீவின் கரை முழுக்க உடைந்த முருகைத் துண்டுகள், வெறுங்காலில் நடக்க முடியாது. கற்களுக்கிடையில் நீண்ட கறுப்பு முட்களோடு கடல் முள்ளெலிகளும் உண்டு.

அம்மாவைப் பற்றி: கடல் பார்ப்பது அவருக்கும் ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் நான் யோசிப்பேன். துறைமேடை ஒன்றும் கிடையாது. முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து, ஆடும் படகின் விளிம்பைத் தாண்டி ஏற வேண்டும், இறங்கும்போதும் அப்படியே. தீவில் நிழல் குறைவு, கடை கிடையாது. ஏறி இறங்கும் தெம்பு இருந்து, மருத்துவரும் சரி என்றால், குடையும் குடிநீரும் நேரத்து மாத்திரையும் எடுத்துக்கொண்டு வரட்டும். இல்லையென்றால் நிலாவெளிக் கரையில் காலை நேரத்தில் கரைவலை இழுப்பார்கள். ஊர் கூடிக் கயிறு இழுத்து, வலையின் மடி கரைக்கு வந்து மீன் துள்ளும்போது பார்க்க வேண்டும். அம்மா அதை விரும்புவார் என்பது என் எண்ணம். துணைக்கு ஒருவர் இருந்தால் போதும்.

தென்கரை (காலி):

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தத் திரியைப் படிக்கும் வேறு யாராவது டிசம்பர் விடுமுறைக்குத் திட்டமிட்டால் புறாமலையை நினைக்க வேண்டாம். அப்போது கிழக்கே வடகீழ்ப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும், தண்ணீரும் கலங்கல். அந்த நேரத்தில் எங்கள் தென்மேற்குக் கரை அமைதியாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவைக்கு வாருங்கள். அதுவும் கடல் தேசியப் பூங்காதான். கரையோரத்திலேயே ஆமைகளைக் காணலாம். கண்ணாடி அடிப் படகு இருப்பதால் தண்ணீரில் இறங்க முடியாத பெரியவர்களும் பார்க்கலாம். பவளம் மட்டும் புறாமலை அளவுக்குச் செழிப்பாக இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கொங்குமகள்:

தென்கரை அவர்களுக்கும் நன்றி. விடுதிக்கு இப்போதுதான் தொலைபேசியில் பேசினேன். "தண்ணீரில் எங்களோடு இறங்குவாரா" என்று கேட்டதும் முதலில் தயங்கினார்கள். அது தனி ஏற்பாடு, இரண்டு பேருக்கும் தனியாகக் கூலி என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். மிதவை வளையமும் கயிறும் உண்டாம். நுழைவுச்சீட்டு அந்தத் தொகையில் அடங்காது என்பதும் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பயணத்தை முதல் நாள் காலைக்கு மாற்றிவிட்டோம், கோயில் இரண்டாம் நாள். மாமியார் கரைவலை பார்க்கிறேன் என்கிறார். அவரோடு கரையில் இருக்க என் கணவரின் தங்கை சம்மதித்துவிட்டாள். அண்ணா, கரைவலை எத்தனை மணிக்கு இழுப்பார்கள்?

நிலாவெளிக்காரன்:

மீன் வரவைப் பொறுத்தது, மணி சொல்ல முடியாது. விடிந்ததும் கரைக்கு வந்து, வலை வளைக்கப் படகு போய்விட்டதா என்று அங்கே நிற்பவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். படகு போயிருந்தால் காத்திருக்கலாம். அம்மாவையும் கயிற்றில் ஒரு கை வைக்கச் சொல்வார்கள், வைக்கட்டும்.