மோசல் ஆற்றில் இலையுதிர்காலப் படகுப் பயணம்: நீர் போதுமா?

கேள்வி:
ஜெர்மனியில் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை, மோசல் ஆற்றின் போக்கிலேயே நவம்பர் தொடக்கத்தில் படகில் செல்ல எண்ணியுள்ளோம். அக்காலத்தில் நீர்மட்டம் தாழ்ந்து படகு நின்றுவிடுமோ என்று அப்பா தயங்குகிறார். அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அந்த அச்சம் வேண்டாம். தடுப்பணைகள் கட்டி 1964-இல் பெருங்கப்பல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட ஆறு என்பதால், ரைன் ஆற்றில் நீர் குறையும் நாட்களிலும் இங்கே ஆழம் பெரிதும் குறைவதில்லை. உண்மையான இடர், சுற்றுலாப் படகுகளில் பெரும்பாலானவை அக்டோபர் இறுதியோடு ஓய்ந்துவிடுவதுதான். ஒரு வாரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

மறுமொழி 2:
நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவை ஆறு வளைந்து வளைந்து ஏறக்குறைய 200 கி.மீ. ஆக்கிவிடுகிறது. முழுவதையும் படகிலேயே கடப்பது, என் கருத்தில், வீண் பிடிவாதம். இடையிலுள்ள பைல்ஸ்டைன் ஊரிலிருந்து கோகெம் ஊர் வரை மட்டும் சென்றாலே, வழியிலுள்ள ஃபாங்கெல் அணையின் கதவுத்தொட்டியில் (நீரை ஏற்றி இறக்கிப் படகை அணையைக் கடக்கச் செய்யும் தொட்டி), ஈரம் கசியும் உயர்ந்த சுவர்களுக்கிடையே படகு மெல்லக் கீழிறங்குவதை அருகிலிருந்து காணலாம்.

மறுமொழி 3:
பிரெம் ஊரருகே ஆறு வளையும் காட்சியைப் பொறுத்தவரை, படகைவிட கால்மோன்ட் குன்றின் உச்சியே சிறந்த இடம். ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களுள் ஒன்றான அச்சரிவு அப்போது மஞ்சளாகியிருக்கும். காலை மூடுபனி விலகத் தாமதமாகும் என்பதால், நண்பகலுக்குப் பின் ஏறுங்கள்.