விடுதியின் பின்கதவைப் பூட்டுவதா, திறந்து வைப்பதா? ஆலோசனை தேவை

வணக்கம். கிருஷ்ணகிரியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் காப்பாளராக இருக்கிறேன். மூன்று மாடிகள், நாற்பத்திரண்டு பேர். மார்கழியில் பின்படிக்கட்டின் இரும்புக் கதவு வழியாக யாரோ நுழைந்து இரண்டு செல்போன்களைத் திருடிவிட்டார்கள். அதிலிருந்து இரவு பத்து மணிக்கு அங்கே பூட்டுப் போடுகிறோம்.

சென்ற வாரம் நள்ளிரவில் முன்வாசல் இன்வெர்ட்டர் புகைந்தது. பிள்ளைகள் பின்பக்கம் ஓடினார்கள். கொத்தில் பதினொரு சாவிகள். கை நடுங்கி, நான்காவது சாவியில்தான் பூட்டு திறந்தது. நல்லவேளை, புகையோடு போயிற்று. பூட்டே வேண்டாம் என்றால், "பெண்கள் இருக்கும் இடம்" என்கிறார் உரிமையாளர். அதுவும் நியாயம்தான். என்ன செய்யலாம்?

பதில் (தருமபுரி, கடைக்காரர்):
கதவருகே கண்ணாடிப் பெட்டியில் ஒரு சாவியை மாட்டி வையுங்கள், அக்கா.

பதில் (ஓசூர், தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர்):
பெட்டி வேண்டாம், அம்மா. விளக்கு அணைந்து புகை சூழ்ந்தபின் சாவித் துவாரத்தை யார் தடவிக் கண்டுபிடிப்பது? வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்றே தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்கிறது. 'பேனிக் பார்' என்று கேளுங்கள். கதவின் உட்புறம் இடுப்பு உயரத்தில் குறுக்குக் கம்பி. உடம்பால் அழுத்தினாலே தாழ் விலகும். வெளியே கைப்பிடி வைக்காதீர்கள், திருடனுக்குப் பிடிமானம் இராது. திறந்தால் உங்கள் அறையில் மணி அடிக்கட்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது மிக முக்கியம்: பின்னால் கூட்டம் நெருக்கும்போது உள்பக்கம் இழுக்க முடியாது.

உரிமையாளரிடம் ஏர்வாடியைச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அந்தச் சங்கிலியையும் பாதுகாப்பு என்றுதான் சொன்னார்கள்.

பதில் (கிருஷ்ணகிரி, மின்பணியாளர்):
மின்காந்தப் பூட்டை யாராவது விற்க வந்தால் யோசியுங்கள். மின்சாரம் நின்றால் அது விட்டுவிடும். மின்தடை இரவில் திருடனுக்கும் வழி திறக்கும். அதற்காக பேட்டரி சேர்த்தால், தீயிலும் பிடித்துக்கொண்டே நிற்கும். தீ அலாரம் அடித்ததும் பேட்டரி இணைப்பும் துண்டாக வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டிய பூட்டுகளை நானே கழற்றியிருக்கிறேன். உங்களுக்குக் கம்பியே போதும்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இப்போதுதான் போய்ப் பார்த்தேன்: எங்கள் கதவு உள்பக்கமாகத்தான் திறக்கிறது, வெளியே மூன்று ஸ்கூட்டர்கள் வழியை அடைத்து நிற்கின்றன. வண்டிகளை நகர்த்திவிட்டோம். உரிமையாளர் ஏர்வாடியைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசவில்லை. கீல் மாற்ற நாளை வெல்டர் வருகிறார். இன்றிரவு பூட்டில்லை. காவலாளி அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.