2006 ஆக்டேவியா ஆர்.எஸ்.: மலையேற்றத்தில் இழுவை நின்றுவிடுகிறது, டர்போவைத்தான் மாற்ற வேண்டுமா?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையிலிருந்து எழுதுகிறேன். 2006ஆம் ஆண்டு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறேன். 1.8 லிட்டர், 20 வால்வு, 150 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் டர்போ எஞ்சின். வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எனக்கு முன்பு இருவர் வைத்திருந்திருக்கிறார்கள்; சர்வீஸ் புத்தகத்தில் பதிவுகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங் நிலையாக நிற்பதில்லை, முள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது பெரிய குறை தெரிவதில்லை. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தினால், 3000 சுற்றைத் தாண்டியதும் இழுவை சட்டென்று நின்றுவிடுகிறது; எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வால்வு கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது. சைலன்சரில் சில சமயம் இலேசான நீலப் புகையும் வருகிறது. ஸ்கேனரில் 17705, 17544 ஆகிய இரண்டு குறியீடுகள் உள்ளன. காட்டிய பட்டறையில், டர்போ போய்விட்டது, புதியது போட வேண்டும் என்று கூறுகிறார்கள். அவ்வளவு பணம் செலவழிப்பதற்கு முன்பு இதை எப்படி உறுதிசெய்துகொள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

இருபதுவால்வு எழுதியது:

நண்பரே, இப்போதைக்கு டர்போவுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். நீங்கள் தந்த இரண்டு குறியீடுகளில் ஒன்றுகூட டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. 17705 என்பது டர்போவுக்கும் திராட்டிலுக்கும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் கதவு) இடையே அழுத்தம் குறைகிறது என்று பொருள்படும். 17544 என்பது ஐடிலிங்கில் காற்று-பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது (காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு), அதைச் சரிக்கட்ட எஞ்சின் கணினி கூட்டிக்கொடுக்கும் பெட்ரோல் அதன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள்படும். இரண்டும் காற்று எங்கோ வழிதவறிப் போவதைத்தான் காட்டுகின்றன.

இந்த எஞ்சினில் உள்ளே வரும் காற்றை ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் மாஃப் சென்சார் அளக்கிறது. அந்த அளவை நம்பித்தான் கணினி பெட்ரோலைத் தெளிக்கிறது. ஆகவே ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். மாஃப் சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய் கிழிந்திருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே புகுந்து எல்லா வேகத்திலும் கலவை மெலியும். டர்போவுக்கும் திராட்டிலுக்கும் நடுவில், அதாவது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் பகுதியில் ஓட்டை இருந்தால், அளந்து முடித்த காற்று வெளியே போய்விடுவதால் அழுத்தும்போது கலவை கெட்டியாகும், இழுவையும் குறையும். திராட்டிலுக்குப் பிறகு, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் ஓட்டை இருந்தால், ஐடிலிங்கில் அங்கே நிலவும் பலமான வெற்றிடம் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். ஐடிலிங்கில் எஞ்சினுக்குத் தேவைப்படும் காற்று விநாடிக்குச் சில கிராம்தான் என்பதால், சிறு விரிசலும் அப்போது பெரிதாகத் தெரியும். வேகம் கூடும்போது அது கரைந்துவிடும். உங்கள் 17544 இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது.

ஐடிலிங் தடுமாற்றம், வால்வு கவர் கசிவு, இலேசான நீலப் புகை ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்து வருவதால், என் ஐயம் முதலில் பிசிவி குழாய்களின் மேல் விழுகிறது. கிராங்க் அறையின் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் இக்குழாய்கள் மேனிஃபோல்டுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடுகின்றன. வெப்பத்தில் பல ஆண்டுகள் வெந்து, கையால் அழுத்தினாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். அங்கே ஒருவழி வால்வு ஒன்றும் உண்டு. அது மூடாமல் போனால், டர்போ தரும் அழுத்தம் கிராங்க் அறைக்குள் புகுந்து ஆயிலைக் கேஸ்கெட் வழியாக வெளியே தள்ளும், ஆயில் ஆவியையும் டர்போவின் முன்குழாய்க்குத் திருப்பி அனுப்பும். அந்தப் புகையைப் பார்ப்பவர்கள் டர்போ சீல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நல்ல டர்போக்கள் பல இப்படித்தான் குப்பைக்குப் போகின்றன என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

17705க்குத் தனியாகப் பாருங்கள். இன்டர்கூலர் குழாய்களின் கிளாம்புகளைக் கையால் அசைத்துப் பார்ப்பது போதாது. மாஃப் சென்சாரைக் கழற்றி, அந்த முனையை அடைத்து, ரெகுலேட்டர் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் காற்று செலுத்திச் சோப்பு நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். பிசிவி குழாய் சேரும் வாயை முதலில் அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கிராங்க் அறைக்குப் போய் நல்ல சீல்களையும் கெடுத்துவிடும். தொழிற்சாலை அமைப்பில் இந்த டர்போ தருவதே வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ அரை பார் அழுத்தம்தான், அதைத் தாண்டிச் செலுத்தத் தேவையில்லை. ஆக்சிலரேட்டரை விடும்போது மிஞ்சும் டர்போ அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வையும் கழற்றி, மேல்முனையில் கைப் பம்பால் வெற்றிடம் ஏற்படுத்துங்கள். வெற்றிடம் நிற்காமல் இறங்கினால் உள்ளே டயாஃபிரம் கிழிந்திருக்கிறது; பாஷ் நிறுவனத்தின் 710என் வால்வு அதற்குப் பலரும் போடும் மாற்று.

ஸ்பானர்செட் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரி. இருந்தாலும் டர்போவைப் பார்க்காமல் விட வேண்டாம் என்பது என் கருத்து. முன்குழாயைக் கழற்றினால் கம்ப்ரசர் சக்கரம் தெரியும். எஞ்சின் நின்றிருக்கும்போது தண்டு பக்கவாட்டில் இலேசாக ஆடுவது இயல்பு. சக்கரம் சுவரில் உரசிய தடம் இருக்கக் கூடாது, தண்டை முன்னும் பின்னும் தள்ளும்போது அசைவு கைக்குத் தெரியவும் கூடாது. குழாய்க்குள் மெல்லிய ஆயில் படலம் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். தேங்கி நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ஒருவேளை டர்போவை மாற்றத்தான் வேண்டும் என்றால், அதற்கு ஆயில் கொண்டுவரும் குழாயையும் மாற்றி, ஆயில் சம்ப்பைக் கழற்றி, பம்பின் சல்லடையைப் பார்க்காமல் வேலையை முடிக்க விடாதீர்கள். தரம் குறைந்த ஆயிலை நீண்ட நாள் ஓட்டிய வண்டிகளில் கசடு அச்சல்லடையை அடைத்துக்கொள்ளும்; காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் புதிய டர்போ போட்டால் அதுவும் ஆயில் இல்லாமல் தேய்ந்துபோகும். ஃபோக்ஸ்வாகனின் 502.00 தரச்சான்று உள்ள சிந்தெடிக் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள்.

இன்னொன்று, இது மற்ற எல்லாவற்றையும்விட அவசரமானது. பிஸ்டன்களின் ஓட்டத்தோடு வால்வுகளை ஒத்திசைத்து இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் சான்று இல்லையென்றால், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் ஆகிய மூன்றையும் மாற்றும் வரை மலைப்பக்கம் போகாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று இன்டேக் வால்வுகளும் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் உள்ள எஞ்சின் இது. ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதிவிடும். அதற்குப் பிறகு டர்போவைப் பற்றிப் பேசுவதற்கே இடமிருக்காது.

நொய்யல்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வேறொரு மெக்கானிக்கிடம் இந்த மறுமொழிகளைக் காட்டி, உடன் நின்று செய்தேன். மேனிஃபோல்டுக்கு அடியில் பிசிவி குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. ஒருவழி வால்வு இருபுறமும் காற்றை விட்டது. காற்றழுத்தச் சோதனையில் இன்டர்கூலரின் கீழ்க்குழாய் இணைப்பிலும் குமிழி வந்தது. டைவர்ட்டர் வால்வு நன்றாக இருக்கிறது. டர்போ தண்டில் முன்பின் அசைவு இல்லை, உரசல் தடமும் இல்லை. டைமிங் பெல்ட்டையும் டென்ஷனர், வாட்டர் பம்ப்புடன் மாற்றியாயிற்று. இப்போது ஐடிலிங் அசையாமல் நிற்கிறது, இழுவையும் முழுமையாக இருக்கிறது, குறியீடுகள் திரும்பவில்லை. ஆனால் கணினி பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை ஸ்கேனரில் காட்டும் 032ஆம் பிளாக்கில் முதல் கட்டம் சுழியை ஒட்டி வந்துவிட்டபோதிலும் இரண்டாம் கட்டம் +6 விழுக்காட்டில் நிற்கிறது. இன்னும் எங்காவது கசிவு இருக்குமோ?

இருபதுவால்வு எழுதியது:

மகிழ்ச்சியான செய்தி. அந்த +6ஐத் தேடிக் குழாய்களை மறுபடி கழற்ற வேண்டாம். முதல் கட்டம் ஐடிலிங்கையும் இரண்டாம் கட்டம் ஓட்டத்தையும் குறிப்பவை. கசிவு மீதமிருந்தால் முதல் கட்டம் சுழிக்கு வந்திருக்காது. இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை, இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 பங்குதான். 2006இல் அமைத்த அளவுகளை வைத்துக்கொண்டு கணினி கூடுதலாகத் தெளித்தாக வேண்டும், உங்கள் எண் அந்த எதிர்பார்ப்புக்குள்தான் இருக்கிறது. அது 10ஐத் தாண்டினால் மாஃப் சென்சாரைச் சோதியுங்கள்: பாதுகாப்பான இடத்தில் மூன்றாம் கியரில் முழு அழுத்தத்தில், சுற்று உச்சத்தை நெருங்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ 120 கிராம் காட்ட வேண்டும். அதில் குறை இல்லையென்றால் பெட்ரோல் ஃபில்டரையும் பம்பின் அழுத்தத்தையும் பாருங்கள். இந்த எத்தனால் கலவை பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடியது என்பதால், எஞ்சின் அறையில் உள்ள பெட்ரோல் குழாய்களை அடுத்த ஆயில் மாற்றத்தின்போதே புதிதாகப் போட்டுவிடுங்கள்.