147573952589676412927

கயல் (இரவு 7.40): பெரியப்பா, 2இன் 2, 3, 5, 7ஆம் அடுக்குகளில் 1ஐக் கழித்தேன். 3, 7, 31, 127 வந்தது. நாலும் பகா எண்! அடுக்கு பகா எண்ணாக இருந்தால் விடையும் பகா எண்தானே?

பெரியப்பா: 11ஐப் போட்டுப் பார்த்தாயா?

கயல்: 2047. அச்சச்சோ, 23 × 89.

பெரியப்பா: மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவியும் தவறிய இடம் கண்ணு இது. எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று 1644இல் 257 வரை பட்டியல் போட்டார். 11 அதில் இல்லை, ஆனால் 67ஐச் சேர்த்துவிட்டார். அந்த எண் 147573952589676412927. 21 இலக்கம்.

செல்வி அத்தை: தவறு என்று எப்போது தெரிந்தது அண்ணா?

பெரியப்பா: 1876இல். எடுவார்ட் லூக்கா அது பகா எண் இல்லை என்று காட்டினார். எதால் வகுபடும் என்பது மட்டும் அவருக்கும் தெரியாது.

கயல்: காரணி தெரியாமல் எப்படி?

பெரியப்பா: அவர் வழியை இன்று இப்படிச் செய்கிறோம். 31ஐ எடுத்துக்கொள். 4இல் தொடங்கு. வர்க்கப்படுத்தி 2ஐக் கழி, 31ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள். திரும்பவும் அதையே செய். 4, 14, 8, 0. அடுக்கு 5 என்பதால் மூன்று தடவை. கடைசியில் 0 வந்தால் பகா எண். 67க்கு 65 தடவை செய்ய வேண்டும், 0 வராது.

கயல்: 14, 8, 0 எனக்கும் வந்தது!!

அம்மா: சாப்பிட வா கயல்.

பெரியப்பா: சாப்பிட்டுவிட்டு இதைப் படி. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்று எழுதிப் பெருக்கினார். அதே 21 இலக்கம் வந்தது. அரங்கமே கைதட்டியதாம். எவ்வளவு காலம் ஆனது என்று பிறகு கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம்.

செல்வி அத்தை: இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன் அண்ணா. முதல் எண் 37, பிறகு 10, பிறகு 1. இரண்டாவது 64, அதுவும் 1. பெரிய எண் 109, அதுவும் 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று, சரியாக இருக்கிறது!

பெரியப்பா: அருமை செல்வி. ஒத்துவராவிட்டால் பெருக்கல் நிச்சயம் தப்பு. ஒத்துவந்தாலும் முழுதாகப் பெருக்கித்தான் உறுதி செய்ய வேண்டும்.

கயல், உன் 23, 89 இரண்டிலும் 1ஐக் கழித்துப் பார். 22, 88. இரண்டும் 11 × 2இன் மடங்கு. 67க்கும் அப்படித்தான், எந்தக் காரணியிலும் 1ஐக் கழித்தால் 134ஆல் வகுபடும். அந்த வரிசையில் கோலின் சின்னக் காரணியே 14,45,580ஆவது இடத்தில் இருக்கிறது. கையால் தேடிய மனிதரை நினைத்துப் பார்!

கயல் (மறுநாள் மாலை 5.15): பெரியப்பா, நோட்டில் பெருக்கிவிட்டேன். முதல் தடவை ஏழாவது வரியில் தப்பு, மறுபடி போட்டேன். கடைசி மூன்று இலக்கம் 927. மீதி 18ம் சரி. போட்டோ அனுப்புகிறேன்.