நகருக்குள் 9, நெடுஞ்சாலையில் 15: டர்போ காரின் மைலேஜ் பற்றி என் அனுபவம்

"லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" என்று கேட்காமல் நம் ஊரில் யாரும் ஒரு காரைக் கடந்து போவதில்லை. நான் வைத்திருப்பது 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. இதையும் அதே தராசில்தான் நிறுக்கிறார்கள். பங்கில் பெட்ரோல் போடும் தம்பி முதல் மாமனார் வரை பதிலைக் கேட்டுவிட்டு ஒரு பரிதாபப் பார்வை பார்ப்பார்கள். தொடக்கத்தில் நகருக்குள் 7, நெடுஞ்சாலையில் 12 கொடுத்த வண்டி இப்போது 9, 15 என்று வந்திருக்கிறது. டேங்க் நிரம்பித் தானாக நிற்கும்வரை அதே பங்கில் போட்டு, ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்த கணக்கு இது. டாஷ்போர்டுத் திரை எப்போதும் கொஞ்சம் தாராள மனத்தோடுதான் எண்களைக் காட்டும்.

"மெதுவாக மிதியுங்கள் சார், தானாக மைலேஜ் வரும்" என்பார்கள். பாதி உண்மை. ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தினால் டர்போ காற்றைத் திணிக்கிறது, அதற்கேற்பப் பெட்ரோலும் பாய்கிறது. அதோடு முடிவதில்லை. டர்போவின் டர்பைனும் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அதிகச் சூட்டில் கெடாமலிருக்க, எஞ்சின் கணினி தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளிக்கிறது. அந்தக் கூடுதல் பெட்ரோல் காரை நகர்த்துவதில்லை, எஞ்சினைக் குளிர்விக்கத்தான் செலவாகிறது. ஆனால் அதற்குப் பயந்து ஆமை வேகத்தில் கிளம்புவதும் வீண். காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருந்தால், காற்றை உள்ளே இழுப்பதற்கே எஞ்சின் சக்தியைச் செலவழிக்கும். இந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முழு முறுக்குவிசை கிடைத்துவிடுகிறது. நிதானமான அழுத்தத்தில் 2,000 சுற்றுக்குள் கியர்களை ஏற்றவிட்டு, வேண்டிய வேகத்தைச் சீக்கிரம் அடைந்து அதில் நிலைப்பதுதான் சிக்கனம். எஸ் (ஸ்போர்ட்) மோடை நகருக்குள் நான் தொடுவதே இல்லை.

நான் அதிகம் மிச்சப்படுத்தியது பிரேக்கில்தான். கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது திரையைப் பாருங்கள், செலவு பூஜ்யம் என்று காட்டும். அலுவலக நண்பர் ஒருவர் அதே இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி "சேமிக்கிறேன்" என்பார். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் ஓடியாக வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். போதாததற்கு, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக் குறைக்கும் எஞ்சின் பிரேக்கிங்கும் போய்விடும். சொன்னால் சிரிக்கிறார், மாற மாட்டேன் என்கிறார். தொலைவில் சிவப்பு தெரிந்ததும் நான் காலை எடுத்துவிடுகிறேன். பின்னால் வரும் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

இத்தனையும் மாலை நேர ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) எடுபடாது. மெட்ரோ பணிகளுக்கிடையே சோழிங்கநல்லூரிலிருந்து டைடல் பார்க் வருவதற்குள் எத்தனை முறை நிற்கிறோம் என்பது அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். ஏசியோடு ஒரு மணி நேரம் நின்றால் இந்த அளவு எஞ்சின் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குடித்துவிடும், தூரம் பூஜ்யம். மே மாதம் என்றால் இன்னொரு தொல்லை. காற்றோட்டம் இல்லாமல், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடேறி, உள்ளே போகும் காற்றும் சூடாகிறது. எஞ்சினில் தட்டல் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்து எரிவது) வராமலிருக்க கணினி தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது, அதே பெட்ரோலுக்குக் கிடைக்கும் வேலை குறைகிறது. காலை 7 மணிக்கு முன்பே கிளம்ப ஆரம்பித்தது, காரில் நான் செய்த எந்த மாற்றத்தையும்விட அதிகம் மிச்சப்படுத்தியது. பக்கத்துத் தெருவில் பால் வாங்க இந்தக் காரை எடுப்பதையும் விட்டேன். எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிட்டால் கணக்கில் மிஞ்சுவது 4, 5தான்.

ஜெனரல் பீட்டர்ஸ் சாலையில் ஒரு கடைக்காரர் பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தைக் காட்டி, "20 சதவீதம் கூடும், உத்தரவாதம்" என்றார். உத்தரவாதத்தை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். உடனே இருக்கை உறைகளைக் காட்டத் தொடங்கிவிட்டார். எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி ரீமேப் செய்தால் மைலேஜும் கூடும் என்கிற ஆட்களையும் சந்தித்திருக்கிறேன். செய்துகொண்ட ஒரு நண்பருக்குத் திரையில் கூடியது. டேங்க் நிரப்பி அளந்தபோது பழைய எண்ணேதான். கூடுதல் 60 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு யார் மெதுவாகப் போவார்கள் என்பது தனிக் கேள்வி.

டயர் காற்றை மட்டும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி பாருங்கள். வெயிலில் ஓடி வந்த டயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக இருக்கும்.

பெங்களூர் சாலையில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் எல்லோருக்கும் கால் அரிக்கும். 100இல் போவதற்கும் 120இல் போவதற்கும் நேர வித்தியாசம் சொற்பம், காற்றின் எதிர்ப்போ 44 சதவீதம் அதிகம். க்ரூஸ் கண்ட்ரோலை 95இல் வைத்தால் வேலூர் வரை 16கூடப் பார்க்கலாம். லாரி முந்தினால் முந்தட்டும். வேகத்துக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே மைலேஜைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பங்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் என்ற ஆல்கஹாலைக் கலக்கிறார்கள். அது ஆக்டேனை, அதாவது தட்டலைத் தாங்கும் திறனை, உயர்த்தும். டர்போ எஞ்சினுக்கு அது நல்லது, தட்டல் குறையும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் சுத்தமான பெட்ரோலோடு ஒப்பிட லிட்டருக்கு சுமார் 7 சதவீத ஆற்றல் போய்விடுகிறது. நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, பழைய வடிவமைப்பு கொண்ட கார்களுக்கு 6 முதல் 7 சதவீத இழப்பு வரலாம் என்றது. அதனால், எத்தனால் குறைவாகக் கலந்த நாட்களின் எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டுவிட்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

வோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சுமை குறைவாக இருக்கும்போது அதில் நான்கு சிலிண்டர்களில் இரண்டு ஓய்வெடுக்கும். நண்பரின் காரில் நெடுஞ்சாலையில் அதைப் பார்த்திருக்கிறேன். நகருக்குள், 40இல் ஊர்ந்து போகும்போதும் அது வேலை செய்கிறதா? அளந்த எண் இருந்தால் எழுதுங்கள், திரையில் தெரியும் எண் வேண்டாம்.