மிசா (விசாரணையின்றிச் சிறையில் வைக்கும் சட்டம்) காலத்தில் மாணவராக இருந்தவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கும்பகோணத்துக்காரர், அப்போது சென்னையில் பி.ஏ. மாணவர்

நெருக்கடி நிலை என்றால் எல்லோரும் இந்திரா காந்தி அரசு அதைக் கொண்டுவந்த 1975 ஜூன் 25 இரவைச் சொல்கிறார்கள். சென்னையில் இருந்த எங்களுக்கு அது முழுசாக வந்து இறங்கியது 1976 ஜனவரி 31 அன்றுதான். அதுவரை இங்கே தி.மு.க. ஆட்சி. பத்திரிகைத் தணிக்கை டெல்லி போட்டது, அது இங்கேயும் இருந்தது. ஆனால் போலீஸ் மாநில அரசின் கையில் இருந்ததால் தெருமுனையில் நின்று பேசலாம், பேசிவிட்டு ரூமுக்குத் திரும்பிப் போய்த் தூங்கலாம். வடக்கே போலீஸ் தேடிய தலைவர்கள் சிலர் இங்கே வந்து தங்கிவிட்டுப் போனார்கள். டெல்லி அந்த ஆட்சியைக் கலைத்த மறுநாளே எல்லாம் தலைகீழ். நேற்று சலாம் போட்ட ஏட்டு இன்று நம் பெயரை எழுதிக்கொண்டு போகிறார்.

யார் யாரைப் பிடித்தார்கள் என்று பத்திரிகையில் போட முடியாது. பிப்ரவரி 3 அண்ணா நினைவு நாள். நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று தி.மு.க. நாளிதழ் முரசொலியில் ஒரு பட்டியல் வந்தது. பிடிபட்டவர்களின் பெயர்கள்தான் அவை. தணிக்கை அதிகாரிக்கு அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் ஒருவர் மாவட்டம் மாவட்டமாக மெதுவாக வாசிக்க, நாங்கள் சுற்றி நின்று கேட்டோம். எங்கள் ஊர்ப் பெயர் ஒன்று வந்ததும் கையில் இருந்த டீயை அப்படியே வைத்துவிட்டேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் எங்கள் அறை. வந்து போனவர்களில் தி.மு.க. பையன்கள் உண்டு, மார்க்சிஸ்ட்கள் உண்டு, இந்திராவை எதிர்த்து நின்ற காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் அண்ணன் ஒருவரும் உண்டு. சாதாரண காலத்தில் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம். 1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் காலமான பிறகு அந்த அண்ணன் எங்களோடேயே இருந்துவிட்டார்.

போராட்டம் என்றதும் ஊர்வலம், தடியடி என்று நினைக்காதீர்கள். எங்கள் வேலை முழுக்க சைக்ளோஸ்டைல்தான், அதாவது ஸ்டென்சில் தாளில் எழுதி அதன் வழியே மை தள்ளி நகல் எடுப்பது. டைப் அடித்தால் எந்த மெஷின் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஸ்டென்சில் தாளில் இரும்பு ஊசிப் பேனாவால் கையாலேயே எழுதுவோம். தமிழ் எழுத்தை அதில் எழுதுவது பெரும்பாடு. ண, ஞ மாதிரி சுழி எழுத்தில் கொஞ்சம் அழுத்தினால் வட்டம் கழன்று விழுந்துவிடும். அச்சில் அந்த இடம் கரும்புள்ளியாக வரும். ஒரு பக்கம் எழுத ராத்திரி பாதி ஓடிவிடும். பேப்பரை மொத்தமாக வாங்கினால் கடைக்காரர் நினைவில் வைத்துக்கொள்வார் என்று ஆளுக்கு ஒரு கடையில் ஒரு குயர். மையை மண்ணெண்ணெய் போட்டுத்தான் கழுவ வேண்டும், நகக்கண்ணில் தங்கிவிட்டது என்றால் வகுப்பில் கையை மடக்கியே வைத்திருக்க வேண்டும். அச்சடித்ததை விடிகாலை பீச்–தாம்பரம் மின்சார ரயிலில் சீட்டில் வைத்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவோம்.

நாங்கள் போட்டதில் எனக்கு இன்றும் பெருமையான துண்டறிக்கை ஒன்று உண்டு. 1976 ஏப்ரல் 28 அன்று, மிசாவில் பிடிபட்டவர் ஆட்கொணர்வு மனு (பிடித்தவரை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லும் மனு) போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்துக்குப் போக முடியாதா என்று விசாரணையில் அவர் கேட்டதற்கு, நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்று அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே பதில் சொல்லியிருந்தார். அந்தக் கேள்வியையும் பதிலையும் மட்டும் போட்டோம். எங்கள் கருத்து என்று ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை.

ஒரு நாள் மப்டியில் இருவர் நான் சாப்பிடும் மெஸ்ஸுக்கு வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். நான் உள்ளே இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மெஸ்காரர் அண்ணாச்சி கணக்கு நோட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். என் பெயர் அதில் இல்லை. அவர் எல்லோரையும் ஊர்ப் பெயரில்தான் எழுதுவார்: கும்பகோணம், அருப்புக்கோட்டை, பண்ருட்டி. அவர்கள் போன பிறகு, "தம்பி, ரசம் ஊத்தட்டுமா?" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

பாலக்காட்டில் படித்தவர், இப்போது கோவை

அண்ணன் எழுதியதைப் படித்தேன். கேரளாவில் எங்களுக்கு இரண்டு கட்டம் என்பதெல்லாம் கிடையாது, ஆரம்பத்திலிருந்தே பயம்தான்.

கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனை 1976 மார்ச் 1 விடிகாலையில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. நக்சலைட்டுகள் ஒரு போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கியதற்குப் பதிலடியாக நடந்த வேட்டை அது. கக்கயம் போலீஸ் முகாமில் உலக்கையைத் தொடை மேல் வைத்து உருட்டினார்கள். எங்கள் ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தது "ஒரு பையனைக் காணோமாம்" என்ற அளவில்தான். அந்த வாரம் சீனியர்கள் டைரி, கடிதம், நோட்டீஸ் எல்லாவற்றையும் மெஸ் அடுப்பில் போட்டார்கள். என் அறைக்காரன் கவிதை எழுதுவான். அரசியலே இல்லாத காதல் கவிதைகள். அதையும் எரித்துவிட்டான். எதற்கடா என்று கேட்டால், "அவங்களுக்கு எது எப்படித் தெரியும்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

ராஜனின் அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். மகனைத் தேடி அவர் ஏறாத படி இல்லை. 1977-ல் ஆட்கொணர்வு மனு போட முடிந்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. உள்துறை அமைச்சராக இருந்த கருணாகரன், முதலமைச்சராகி ஒரே மாதத்தில் பதவி விலக நேர்ந்தது. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ராஜன் என்னை விட ஓரிரு வயது மூத்த பையன். வீட்டில் பேரன் இன்ஜினியரிங் ஹாஸ்டலுக்குக் கிளம்பியபோது எனக்கு முதலில் வந்தது ஈச்சர வாரியர் முகம்தான்.

மதுரையிலிருந்து ஒரு தங்கை

நான் அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் அக்கா பி.யு.சி. முடித்து டைப்ரைட்டிங் ஹையர் போய்க்கொண்டிருந்தாள். அண்ணனின் நண்பர்கள் எழுதிக் கொடுத்ததைப் பாவாடை மடிப்பில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தது அவள்தான். பெண் பிள்ளையைத் தெருவில் நிறுத்திச் சோதிக்க மாட்டார்கள் என்ற தைரியம். கூடத் துணைக்கு என்னையும் அனுப்புவாள் அம்மா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. கூடையில் மேலே கீரைக்கட்டு வைத்துக் கொடுத்ததே அம்மாதான்.

அண்ணனை ஒரு இரவு பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தச் சிறை என்று தெரியவே பல வாரம் ஆனது. பிற்பாடு அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள், அதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அக்காவை யாரும் பிடிக்கவில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. போன வருடம் காலமானாள். அவள் பிள்ளைகளுக்கே இது தெரியாது. இதைப் படித்த பிறகு இன்று சொன்னேன்.

மீண்டும் கும்பகோணத்துக்காரர்

அம்மா, உங்கள் அக்காவைப் போன்றவர்கள் இல்லையென்றால் எங்கள் தாள் அறையை விட்டு வெளியே போயிருக்காது.

இதெல்லாம் ஏன் இங்கே பேசப்படவே இல்லை என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 1977 மார்ச் தேர்தலில் வடக்கே இந்திரா காந்தியே ரேபரேலியில் தோற்றார். தமிழ்நாட்டில் அவருடைய காங்கிரசும் அ.தி.மு.க.வும் சேர்ந்த கூட்டணிக்கு 39-ல் 34 தொகுதிகள். எங்களுக்கு அது பலத்த அடி. முதல் ஏழு மாதம் இங்கே பாதுகாப்பாக இருந்ததால், நடந்த கொடுமையின் முழு அளவு சனங்களுக்குத் தெரியவில்லை என்பதே என் எண்ணம். சென்னை மத்திய சிறையில் ஸ்டாலின் மீது விழ வேண்டிய அடிகளைத் தாங்கிய முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் நடந்த அடி உதையை விசாரித்த நீதிபதி இஸ்மாயில் ஆணையத்தின் அறிக்கை வந்ததெல்லாம் தேர்தல் முடிந்த பிறகு.

அந்தக் காலத்தில் வீடு கொடுத்தவர்கள், சோறு போட்டவர்கள், தாள் கொண்டு போனவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தெருப் பெயரோடாவது இங்கே எழுதுங்கள். எங்களில் பலருக்கு எழுபது நெருங்கிவிட்டது. சேலம், வேலூர் பக்கம் வேலை செய்தவர்கள் யாருமே இதுவரை எழுதவில்லை.