கலைச்சொல் விவாதம்: அமிழும் தட்டுக்கும் அதன் மேலுள்ள தட்டுக்கும் பெயர்

நண்பர்களுக்கு வணக்கம்.

கற்பனை உலகுகளுக்கு வரைபடம் போடுவோருக்கான நம் கையேட்டில் ‘சப்டக்‌ஷன்’ என்பதை, அதாவது பூமியின் பாறை ஓடாக அமைந்த தட்டுகளுள் ஒன்று இன்னொன்றின் அடியில் இறங்குவதை, ‘கீழமிழ்தல்’ என்று எழுதி வருகிறோம். அமிழ்வதே கீழ்நோக்கித்தான் என்பதால் ‘கீழ்’ மிகை. அதைப் பிறகு பார்க்கலாம். வரைபவருக்கு உடனடியாக வேண்டியவை எல்லைக்கோட்டின் இரு பக்கங்களுக்கான பெயர்கள். எந்தத் தட்டு இறங்குகிறது என்று முடிவு செய்யாமல் ஓர் எரிமலையைக்கூடச் சரியான இடத்தில் வைக்க முடியாது.

எரிமலை வரிசை, இறங்காத தட்டின் மீது, அகழிக்கு (தட்டு இறங்கும் எல்லையில் கடலடியில் உள்ள நீண்ட ஆழப் பள்ளம்) இணையாக வரும். இறங்கும் தட்டின் மேற்பரப்பு ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே அதை வரைய வேண்டும். இறங்குகோணம் 30 பாகை என்றால் அகழியிலிருந்து சுமார் 170 கி.மீ.; 60 பாகை என்றால் 60 கி.மீ. தட்டு வளைந்து இறங்குவதால் நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். இது தெரியாமல் பலர் அகழியின் இரு புறமும் எரிமலைகளை அடுக்கிவிடுகிறார்கள்.

என் முன்மொழிவு: அமிழ்தட்டு, மேல்தட்டு.

* * *

‘அமிழ்தட்டு’ மிகப் பொருத்தம். வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது. ‘அமிழ்த்தட்டு’ என்று எழுதினால் வேறெதுவோ அதை அமிழ்த்துவதாகத் தொனிக்கும். அறிவியலும் அங்கே கெடும். கடல்தட்டு குளிர்ந்து, கனத்து, தன் எடையாலேயே இறங்குகிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளில் இந்த இழுப்பே முதன்மையானது.

‘மேல்தட்டு’ வேண்டாம். ‘மேல்தட்டு மக்கள்’ என்ற வழக்கு அவ்வளவு ஊன்றிவிட்டது. ‘ஏறுதட்டு’ என்றால் அது மலையேறுவதுபோல உயர்வதாக நினைப்பார்கள். ‘மிததட்டு’ என்றால் மற்றது மிதக்கவில்லையா என்ற கேள்வி வரும். ‘மேலமர்தட்டு’ என்கிறேன். அது இருப்பிடத்தை மட்டும் சொல்கிறது, நகர்வைப் பற்றி எதையும் ஏற்றிச் சொல்லவில்லை.

எது அமிழ்தட்டு என்பதை வரையறையிலேயே சேர்த்துவிட வேண்டும். கண்டமும் கடலும் எதிர்ப்பட்டால் கடல்தட்டு அமிழும்; கண்ட மேலோட்டின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 2.7 கிராம், கடல் மேலோட்டினுடையது சுமார் 3.0. கடலும் கடலும் என்றால் வயதில் மூத்தது அமிழும். மரியானா அகழியில் பழைய பசிபிக் தட்டுதான் பிலிப்பைன் கடல் தட்டின் அடியில் போகிறது. கண்டமும் கண்டமும் மோதினால் இந்த இரு சொற்களையும் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. இமயத்திலும் திபெத்திலும் மேலோடு சுமார் 70 கி.மீ. வரை தடித்திருக்கிறது, ஆண்டீஸில் உள்ளது போன்ற எரிமலை வரிசை அங்கே இல்லை.

கடல்தரையின் வயதைக் கணக்கிடுவது எளிது. ஆண்டுக்கு 1 செ.மீ. என்பது 10 லட்சம் ஆண்டில் 10 கி.மீ. தட்டுகள் விலகிப் புதிய கடல்தரை உருவாகும் நடுக்கடல் முகட்டின் ஒரு பக்கம் ஆண்டுக்கு 3 செ.மீ. விலகினால், 1,800 கி.மீ. தள்ளியுள்ள கடல்தரைக்கு 6 கோடி வயது. வரைபடத்தில் எங்காவது 20 கோடியைத் தாண்டினால் அந்தக் கடலுக்குள் ஓர் அமிழ் எல்லையைத் திறந்துவிடுங்கள். நம் பெருங்கடல்களின் தரை கிட்டத்தட்ட அந்த வயதுக்குள் அழிந்து புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது.

* * *

மேலமர்தட்டுக்கு என் ஆதரவு. குறியீட்டையும் இதே பதிவில் சொல்லிவிடலாம்: அமிழ் எல்லையில் போடும் முக்கோணப் பற்கள் மேலமர்தட்டின் பக்கம் இருக்க வேண்டும், அமிழ்தட்டு இறங்கும் திசையைக் காட்டியபடி. இவை புறம் மாறிவிட்டால் எரிமலை வரிசையும் தவறான கரைக்குப் போய்விடும்.

ஒரு தட்டு கோளின் மேல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சுழல்வதாகக் கொள்கிறோமோ அந்த ‘ஆய்லர் போல்’ என்பதைத் ‘துருவம்’ என்று எழுதுவதை நிறுத்துவோம். வடதுருவம் என்று எண்ணி ஒவ்வொரு தட்டையும் கோளின் அச்சைச் சுற்றியே திருப்பிவிடுகிறார்கள். ‘சுழல்முனை’ போதும், ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாக. பூமியளவு கோளில் சுழற்சி 10 லட்சம் ஆண்டுக்கு 1 பாகை என்றால், முனையிலிருந்து 90 பாகை தள்ளிய இடம் ஆண்டுக்கு 11 செ.மீ. நகரும், 30 பாகையில் அதில் பாதி, முனையில் நகர்வே இல்லை. தட்டு முழுவதும் ஒரே நீளத்தில், ஒரே திசையில் அம்புகள் போட்டால் எல்லைகள் எல்லாம் பொய்யாகிவிடும். சரியாகச் சுழற்றினால் ஒரே எல்லை ஓரிடத்தில் நெருங்கி, சற்றுத் தள்ளி உரசி, இன்னும் தள்ளி விலகுவதுகூட இயல்பாக வரும்.

ஒன்று மட்டும் பாக்கி. பெருவின் பெரும்பகுதிக்கு அடியில் அமிழ்தட்டு சுமார் 100 கி.மீ. ஆழம் வரை இறங்கி, பிறகு ஏறக்குறையக் கிடையாகப் போகிறது. தட்டுக்கும் மேலோட்டுக்கும் இடையே சூடான மேன்டில் (மேலோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கு) இல்லாததால், அமிழ்தட்டு வெளிவிடும் நீர் எதையும் உருக்குவதில்லை. ஆகவே அங்கே இயங்கும் எரிமலைகள் இல்லை. இதற்குக் ‘கிடையமிழ்வு’ என்று தனிப் பதிவு போடலாம்: அகழியும் பற்களும் வரையவும், எரிமலைகளை விட்டுவிடவும், மலைத்தொடரை வழக்கத்தைவிட உள்நாட்டுக்குள் அகலமாக நீட்டவும்.